சப்பறத் திருவிழாவின் முதல் பெயர்

இன்றைக்கு அச்சுவேலியில் தர்சிகா அக்காவைச் சந்தித்தேன்! வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலைத்தளம் செய்பவர்களுக்கு ஜாங்கோ என்ற கருவியைத் தெரிந்திருக்கும். அதோடு, தளத்தை நிர்வகிக்க ஓர் அட்மின் பக்கமும் வரும். விபரம் பதிய அது போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு பெட்டியை மறைக்கவோ பெயர்களின் வரிசையை மாற்றவோ கோட் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். ஊர்க் கோயிலின் தளத்துக்கு அந்த ஆள், நான்கு வருடமாக, அக்காதான்.

சப்பறத் திருவிழாவை மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்கின்றன; ஒன்று லண்டனில், ஒன்று கனடாவில் இருக்கிறது. தளத்தில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பதுதான் பிரச்சினை. அக்கா வீட்டிலிருந்தபடி கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறார். போன திருவிழாவில் பெயரை மாற்றச் சொல்லி வந்த போன்களுக்காகக் கொம்பனிக் கூட்டங்களின் நடுவே எழுந்து எழுந்து போனதற்கு எச்சரிக்கைக் கடிதமே வந்துவிட்டது. இந்த முறையும் அப்படி என்றால் வேலை போய்விடும்.

அதனால் அக்கா அட்மின் பக்கத்துக்கு ஓர் இணைப்பு மென்பொருள் எழுதியிருக்கிறார். பெயரை விரலால் இழுத்தால் இடம் மாறும். தலைப்பைத் தொட்டுத் தமிழிலேயே மாற்றலாம். கோட் ஒரு வரி வேண்டாம்! மாதிரித் தளத்தில் நானே இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியே விட்டேன்.

“இனி உங்களைக் கூப்பிடமாட்டினம் என்ன, அக்கா?”

“நானும் உப்பிடித்தான் நினைச்சனான்.”

அப்போது போன் அடித்தது. கோயில் செயலாளர் பரமலிங்கம். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“பிள்ளை, லண்டன்காரர் போன் எடுத்துப் பேசுகினம். அவையின்ரை பேரை மேலை விடு.”

“மாமா, நேற்றுக் காட்டித்தந்தனான் எல்லோ. நீங்களே இழுத்து விடுங்கோ.”

“நான் இழுத்தா, நான் இழுத்ததெண்டாகுமெல்லே?”

“அப்ப நான் இழுத்தா?”

“நீ இழுத்தா கொம்பியூட்டர் செய்ததெண்டு சொல்லலாம்.”

“எழுத்து வரிசையிலை போடுவமே?”

“ஓம், ‘அ’காரர் ஆயுளுக்கும் முதல் நிக்கட்டும்! பகிடி விடாதை பிள்ளை.”

வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“ஏலாதெண்டு சொன்னா என்ன, அக்கா?”

“அம்மாவின்ரை தம்பியடி. அப்பா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை இரவும் பகலும் நிண்டவர். என்னெண்டு சொல்லுறது?” என்றவர், கோயில் தளத்தைத் திறந்தபடியே சொன்னார்: “கஷ்டமாயிருக்கெண்டுதான் என்னட்டை வருகினம் எண்டு நினைச்சன். சுகமாக்கிக் குடுத்தன். ஆனா அவைக்கு வேண்டியது பழி போட ஒரு ஆள்.”

லண்டன்காரரின் பெயரை மேலே இழுத்துவிட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் போன் திரும்ப அடித்தது. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. “கனடாக்காரர்,” என்றார்.

அடுத்த மாதம் கொடியேற்றம். தயவுசெய்து இதைப் பகிருங்கள். கோயில், சங்கம், பள்ளிக்கூடத் தளங்களைப் பராமரிக்கிறவர்கள் அக்காவின் இணைப்பை இலவசமாகவே எடுக்கலாம். அந்த மூன்று குடும்பங்களில் யாராவது இதை வாசித்தால், பரமலிங்கம் மாமாவுக்கு ஒரு போன் எடுத்து, “நீங்களே இழுங்கோ, நாங்கள் கோவிக்கமாட்டம்” என்று சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் சொல்ல வேண்டும்.