நம்பர் தாவினால் லைன் நிற்கும்

சாலையோரம் பள்ளம் தோண்டிய ஜேசிபி நெட்வொர்க் கேபிளை அறுத்துவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் கார் சீட் லைன் நின்றது. ஒவ்வொரு சீட்டிலும் ஒட்டும் லேபிளுக்கு வரிசை எண் தருவது ஒரகடம் பிளாண்டில் இருந்த டேட்டாபேஸ் சர்வர். எண் இல்லாத சீட்டை லாரியில் ஏற்ற முடியாது. லைன் நின்ற நேரமெல்லாம் சூப்பர்வைசர் தேன்மொழி அக்காவின் பெயரில்தான் ஏறும்.

"சீட்டு இங்க கீது, ஆளு இங்க கீது. நம்பரு மட்டும் ஒரகடத்துல இன்னாம்மா பண்ணிக்கினு கீது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஐ.டி. பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத எனக்கு அந்த நிமிடம்தான் பொறி தட்டியது. இங்கும் ஒரு சர்வர் இருந்தால்? இரண்டும் எண் தரும். தாம் எழுதியதை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். அதாவது, ரெப்ளிகேஷன்.

மேனேஜர் வாசு சாரிடம் கெஞ்சி ஒரு பழைய சர்வரை வாங்கி அமைத்தேன். சோதனைக்காகப் பத்து நிமிடம் கேபிளைப் பிடுங்கினோம். லைன் ஓடியது! திரும்பச் செருகியதும் ரெப்ளிகேஷன் படுத்துவிட்டது. இரண்டு பிளாண்டும் ஒரே எண்களைக் கொடுத்திருந்தன.

"இன்னாம்மா, ரெண்டு புள்ளைக்கும் ஒரே பேரா வெச்ச?" என்று சிரித்தார் சார்.

அதற்கான வழி கல்லூரியில் படித்ததுதான்: இங்கே ஒற்றைப்படை எண்கள், அங்கே இரட்டைப்படை. மாற்றிவிட்டு மறுநாள் காலை பெருமையாக லைனுக்குப் போனேன். அக்காவே லைனை நிறுத்தி வைத்திருந்தார்.

"நாலாயிரத்து ஒண்ணு, மூணு, அஞ்சு. நடுவுல ரெண்டு சீட்டு எங்க? நம்பர் தாவுனா சீட்டு காணோம்னு அர்த்தம், லைன நிறுத்தணும். நாங்க தேடிக்கினு கீறோம், நீ சிரிச்சிக்கினு வர்ற!"

அந்த விதி எனக்குத் தெரியவே தெரியாது. யாரையும் கேட்கவுமில்லை. அங்கேயே ஓர் அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து மாற்றினேன். ஒரகடத்துக்கு 'ஓ', பிள்ளைப்பாக்கத்துக்கு 'பி'. எழுத்துக்குப் பின்னால் அந்தந்த பிளாண்டின் எண்கள் இடைவெளி இல்லாமல் ஓடும். மோதலும் இல்லை, தாவலும் இல்லை.

போன மாதம் மறுபடி கேபிள் அறுந்தது. திரையில் சிவப்பு விளக்கு. பிரிண்டரோ லேபிளைத் துப்பிக்கொண்டே இருந்தது. தொடர்பு வந்ததும் காத்திருந்த பதிவுகளெல்லாம் வரிசை மாறாமல் ஒரகடம் போய்ச் சேர்ந்தன. அன்று அக்காவின் பெயருக்கு எதிரே லைன் நின்ற நேரம்: பூஜ்ஜியம். அந்தத் திரையைப் படமெடுத்து போனில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சுங்குவார்சத்திரம் பிளாண்டில் மூன்றாவது சர்வர். மூன்றில் ஒன்று முழுசாகச் செத்தாலும் மற்றவை அதன் வேலையை ஏற்க வேண்டும். இந்த முறை சர்வரைத் தொடுவதற்கு முன் அங்கே ஒரு ஷிப்ட் முழுக்க லைனில் நிற்கப் போகிறேன். சோதனைக்கு அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன்.

"வர்றேன். ஆனா பவர் ஒயர நான்தான் புடுங்குவேன்" என்றிருக்கிறார்.