காரணம் கிடைத்துவிட்டதாக வந்த செய்தி

அந்தக் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. அதன் பிறகு வந்த களைப்பு விடவேயில்லை. நான் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், வகுப்பெடுத்து, திரும்பி வந்து சமைக்கிறவள். காய்ச்சலுக்குப் பின் தலை வாரிக்கொண்டாலே கை ஓய்ந்துபோனது. ஒருநாள் சற்றுத் தெம்பாக இருக்கிறதே என்று துணி துவைத்தால், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையை விட்டு எழ முடியாது. தூங்கி எழுந்தாலும் தூங்காததைப் போலவே இருக்கும்.

ரத்தம், தைராய்டு, நெஞ்சுப் படம் என்று எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அதைக் கேட்டதும் என் மாமியாரின் முகம் மாறிவிடும். "டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டார். மடி பிடிச்சுட்டா இப்படித்தான்," என்பார். எங்கள் பக்கத்துத் தமிழில் மடி என்றால் சோம்பல். என் கணவர் அப்படிச் சொல்லமாட்டார். எதுவுமே சொல்லமாட்டார். கொச்சங்காடியில் அவருக்கு எலெக்ட்ரிகல் கடை. காலையில் போனால் இருட்டிய பின்தான் வருவார். நான் மாடி அறையில் படுத்தபடி, பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டை இறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஒரு மத்தியானம் கணவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தார். மாடிப்படியில் ஓடி ஏறி, போனை என் முகத்தருகே நீட்டினார். மலையாளச் செய்தி ஒன்று. தீராக் களைப்பு நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது, நோயாளிகளின் ரத்தத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று போட்டிருந்தது.

"பாத்தியா? உன்னோடதேதான். ஒவ்வொண்ணா எழுதியிருக்கான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கீழே போய் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அன்று சாயங்காலம் மாமியார் முதல்முறையாக மாடிக்குச் சாயா கொண்டுவந்தார். "ரத்தத்துலயாமே. எனக்கெப்படி அறியும்?" என்றார்.

அந்தச் செய்திக்குப் பின்னாலிருந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் படித்தால் எழுத்து கலங்கிவிடும். கண்ணை மூடிக் கிடந்துவிட்டு மறுபடி எடுப்பேன். முடிக்கப் பல நாட்கள் ஆயின. அவர்கள் ஆராய்ந்தது மிகச் சில நோயாளிகளைத்தான். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்றவர்கள் அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள். நோயாளிகளோ மாதக்கணக்காகப் படுத்திருந்தவர்கள். அந்த மாற்றம் நோயைக் கொண்டுவந்ததா, நோய்தான் அதைக் கொண்டுவந்ததா, வெறுமனே படுத்துக்கிடந்ததால் வந்ததா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. எழுதியவர்களே கடைசியில் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். செய்தியில் அந்தப் பகுதி இல்லை. என் மாணவர்களுக்கு வருஷாவருஷம் நான் நடத்திய பாடம்தான் இது. ஏமாற்றமாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கணவரிடம் அன்றே சொன்னேன்.

"அப்போ உனக்கு ஒண்ணுமில்லேங்கறியா?"

"காரணம் இன்னும் தெரியலேங்கறேன். தீனமே இல்லே, நோயே இல்லேன்னு சொல்லலை."

அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. "கிடைச்ச ஒரு பிடியையும் நீயே விட்டுடறே," என்றார். வைட்டிலாவில் ஒரு கிளினிக்கில் இந்த ஆய்வை வைத்தே சிகிச்சை தருகிறார்களாம். ஏற்கெனவே நேரம் வாங்கிவைத்திருந்தார். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் கிளம்பினேன்.

காரில் வெயிலும் ஹார்ன் சத்தமும் தாங்காமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். கிளினிக்கில் இருந்த டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். ரத்தத்தைச் சரிசெய்யும் ஊசி என்றார்.

"அந்த ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கா?" என்று கேட்டேன்.

"டீச்சரே, காரணம் கண்டுபிடிச்சாச்சல்லோ. இனி என்ன சம்சயம்?" என்றார், என் கணவரைப் பார்த்து.

கணவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "யோசிச்சுட்டு வரோம்," என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் சுமாராக இருந்தேன். அதற்கு அடுத்த நாள் கண் விழித்தபோது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சும் எழவில்லை. கணவர் கடையைத் திறக்கவில்லை. மாமியார் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நான் கண்ணை மூடி ஓய்வெடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "வண்டியிலே உக்காந்துதானேடா போயிட்டு வந்தா. அதுக்கு ஒருத்திக்கு இப்படி ஆகுமா? பேப்பர்ல என்ன வேணா போடட்டும். இனி இவளை எங்கேயும் இழுக்காதே."

பேச்சு திரும்ப வந்த பிறகு, முதலில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். காரணம் அவருக்கும் தெரியாது என்றார். முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் செய்யச் சொன்னார். கணவர் ஆள் வைத்து என் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினார். கல்லூரிக்கு ராஜினாமா அனுப்பினேன்.

என் பாடப் புத்தகங்களை வாங்கிப்போக, எனக்குப் பதிலாகச் சேர்ந்த பெண் வந்தாள். "எப்போ திரும்பி வருவீங்க டீச்சர்?" என்று கேட்டாள். "வரமாட்டேன்," என்றேன். வேறு யாரோ சொன்னது போலிருந்தது. அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"போதும், பேசினது மதி. அவ கொஞ்சம் கிடக்கட்டும்," என்று மாமியார் எழுந்து புத்தகக் கட்டைத் தூக்கி, அந்தப் பெண்ணோடு வாசல்வரை போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.