வராத மெசேஜ்

கிண்ணியாப் பஹ்மியாவுக்கு வேலை திருகோணமலை நகரத்தில், ஒரு மீனவர் சங்கத்தின் ஒற்றைக் கொம்பியூட்டரோடு. கடலில் காற்று எழும்பும் என்று அறிவித்தல் வந்தால், அவள் எழுதிய புரோகிராம் வள்ளக்காரர் எல்லோருடைய போனுக்கும் மெசேஜ் அனுப்பும். மூன்று வருடமாய் ஒரு நாளும் பிசகியதில்லை. மெசேஜ் வராவிட்டால் கடல் நல்லது என்றே சனம் பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை புரோகிராம் எழும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. மெசேஜ் அனுப்பும் லைப்ரரி என்ற துணைப் புரோகிராம், எங்கோ யாரோ எழுதிக் கொடுப்பது, முதல்நாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. யாருக்கு, எந்த நாளில் அனுப்புவது என்று சொல்லும் அமைப்புக் கோப்பு இல்லாமல் தொடங்கமாட்டேன் என்றது அது. லைப்ரரி தொடங்காமல் கோப்பை ஆக்கித் தரமாட்டேன் என்றது இன்னொரு பகுதி. நல்ல சோடிதான்! இரண்டுக்கும் நடுவில் பஹ்மியா மாரடித்தாள். பத்து மணிக்கு அறிவித்தலும் வந்துவிட்டது: பின்னேரம் பலத்த காற்று.

யாரிடமும் உதவி கேட்கமாட்டாள், பொல்லாத ரோசக்காரி. ஆத்திரத்தில் ஒரு குறுக்குவழி பிடித்தாள். கிண்ணியா வள்ளங்களுக்கு மட்டும் மெசேஜ் போன தொடக்க காலத்துக் கோப்பொன்று கிடந்தது. அதில் இன்றைய நம்பர்களைப் போட்டு லைப்ரரியின் வாயை அடைத்தாள். ‘முடிந்தது’ என்று திரை பச்சையில் காட்டியது. அப்பாடா என்று தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

இரண்டு மணிக்கு ஜன்னல் படாரென்று அடித்தபோதுதான் பார்த்தாள். அனுப்பிய மெசேஜ்: பூச்சியம். பழைய கோப்பில் அவளே எழுதிய வரி: வெள்ளி விடுமுறை, அனுப்பாதே. ஜும்ஆத் தொழுகை நாளில் அவள் ஊரில் வள்ளம் இறங்காது. பிறந்ததிலிருந்து கண்ட பழக்கம், கண்ணில் உறுத்தவேயில்லை. தமிழ்க் கிராமமான சல்லியில் வெள்ளியும் தொழில் நாள் என்பது அவளுக்குத் தெரியாததா? பாவி, மறந்துபோனாளே.

அந்த வரியை அழித்துத் திரும்ப அனுப்பினாள். கரையில் நின்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சல்லிப் பாலசிங்கம் மட்டும் பன்னிரண்டு மணிக்கே கடலில் இறங்கிவிட்டார் என்று அவர்கள் சொன்னார்கள். அவருடைய போனுக்குச் சிக்னல் இல்லை. தேடிப் போக ஆள் கேட்டாள். அந்தக் காற்றில் யார் இறங்குவார்கள்?

அவர் மனைவி இரத்தினேஸ்வரிக்குக் கோல் எடுத்தாள்.

“கரையிலதான் நிக்கிறன் பிள்ளை. போகேக்க போனைப் பாத்திட்டுத்தான் போனவர். உங்கட மெசேஜ் ஒண்டும் இல்லையாம். அப்ப பயமில்லைத்தானே?”

பஹ்மியா மறைக்கவில்லை.

“நான் அனுப்பினது போகல்ல அக்கா. என்ட பிழை.”

இரத்தினேஸ்வரி தண்ணீர் விளிம்புக்கு ஓடும் சத்தம் கேட்டது. போனை அவள் வைக்கவில்லை.