புறங்கைச் சூடு

கை வைத்தே நோயைத் தீர்க்கலாம் என்கிற ரெய்கி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் வீட்டுக்காரர். சேர்ந்த அன்றைக்கே சாரிடம், "எனக்குச் சுகருக்கு, இவளுக்குக் கோவத்துக்கு" என்று சொல்லிவைத்தார். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்குகிற மாதிரி. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். சார் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல் நாகல் நகரில் சொந்த வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். மற்ற இடங்களில் கற்பிப்பதெல்லாம் அமெரிக்கா போய்த் திரும்பிவந்த கலப்படம், தன்னுடையதுதான் ஜப்பான்காரர்களின் பழைய முறை என்பதில் அவருக்கு அம்புட்டுப் பெருமை. நெஞ்சுக்கு நேரே கை குவித்து உட்கார்ந்து ஐந்து வரிகளைச் சொல்ல வேண்டும். முதல் வரியே, இன்றைக்கு மட்டும் கோபப்பட மாட்டேன் என்பதுதான். அதைச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்.

பொய் சொல்ல மாட்டேன், வகுப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. காலையில் அடுப்பு பற்றவைப்பதிலிருந்து ராத்திரி கதவு சாத்துகிறவரை வீட்டில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அங்கே சொன்னார்கள். ஒருவர் படுத்துக்கொள்ள, இன்னொருவர் அவர் உடம்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக் கவனிக்க வேண்டும். சூடோ குறுகுறுப்போ துடிப்போ எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு, அது அடங்கும்வரை கையை எடுக்கக் கூடாது என்பார் சார். வகுப்பில் கூடப் படித்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒருநாள் என் தோளில் கை வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கைகளை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நின்றுகொண்டே பிழைக்கிற பிழைப்பு. கால் போனால் வேலை போச்சு, வேலை போனால் வீடு போச்சு. ஆத்தூர் போகிற வழியில் வண்டி பஞ்சரான ஒரு மத்தியானம், ரோட்டோரம் ஒதுங்கியவருக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு கருவேல முள் ஏறிவிட்டது. சர்க்கரைக் காலில் உணர்ச்சி ஏது? ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது நான்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

"ஒரு முள்ளுக்குப் போயா? சும்மா கெட புள்ள. சார்ட்ட காட்டிக்கிருவோம்."

மாத்திரையை நிறுத்து, டாக்டரிடம் போகாதே என்று சார் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அங்கேதான் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம். "உடம்புக்கே எல்லாம் தெரியும், நாம அவசரப்படாம இருந்தாப் போதும்" என்பார். அதைக் கேட்டுவிட்டு வந்து இந்த மனுஷர் தானாகவே மாத்திரையைத் தள்ளிவைத்துவிடுவார். நாளைக்கு ஏதாவது ஆனால் சார் சட்டையில் ஒரு தூசி ஒட்டாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரை நடுக்கூடத்தில் படுக்கவைத்துச் சுற்றிலும் உட்கார்ந்தோம். டீச்சர்தான் முதலில் பாதத்தில் கை வைத்தாள். "சார், கொதிக்குது சார்!" என்றாள். சார் முகம் பூவாக மலர்ந்தது. "அப்படித்தான் இருக்கும். கெட்டதெல்லாம் வெளியேறுது. கைய எடுக்காதீங்க." ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இவ்வளவு சூட்டை யாரும் அதுவரை உணர்ந்ததில்லையாம். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை மாதிரி பெருமையாகச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்.

என் முறை வந்தது. உள்ளங்கையை வைத்தேன். சூடுதான். ஊதுபத்தி வாசனையையும் மீறி ஒரு வாடை வந்தது. என்ன தோன்றியதோ, கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தேன். என் பிள்ளைகளுக்கு உடம்பு சுடும்போதெல்லாம் கழுத்தில் வைத்துப் பார்க்கிற அதே புறங்கை. கணுக்காலில் வைத்தேன், கெண்டைக்காலில் வைத்தேன், கடைசியில் அவர் கழுத்தில் வைத்தேன். எல்லா இடமும் அனலாக இருந்தது.

"சார், இது காச்சலு. காலு சீப்பிடிச்சு மேல ஏறுது."

"கையத் திருப்பி வைக்கக் கூடாதும்மா. நம்ம முறை அது இல்ல."

"முறை கெடக்கு முறை! ஏங்க, எந்திரிங்க, போவோம்."

சார் விரலை உயர்த்தி, புன்னகை மாறாமல், "அம்மா, இன்னைக்கு மட்டும்..." என்றார். கூடமே சேர்ந்து மெதுவாக, "கோபப்பட மாட்டேன்" என்று முடித்தது. ஒருத்தருக்குக்கூட நாக்கு கூசவில்லை. காய்ச்சலில் கண் சிவந்து கிடந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து சொன்னார். சொல்லிவிட்டு, "செத்த நேரம் பேசாம இரு புள்ள, மானத்த வாங்காத" என்றார்.

மானமாம் மானம்! விறுவிறுவென்று கீழே இறங்கினேன். தெரு முக்கில் நின்ற ஆட்டோக்காரரை மாடிக்கே கூட்டிவந்து, "அந்தப் பக்கம் பிடிங்கண்ணே" என்றேன். கை குவித்தவர்கள் குவித்தபடியே இருக்க, நானும் அவரும் இவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம்.

திண்டுக்கல் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "இம்புட்டு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? இன்னைக்கு ராத்திரி தாண்டுனா முழங்காலோட எடுக்கணும். மதுரைக்குக் கொண்டுபோங்க, உடனே." வாடகைக் காரில் சின்னாளப்பட்டி தாண்டும்போது இவர் உளற ஆரம்பித்தார். அந்த உளறலிலும் இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்றே வந்தது. மதுரை போய்ச் சேரும்வரை அவர் நெஞ்சில் கை வைத்திருந்தேன். நிம்மதியாக ஒன்றும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்திருந்தேன். மதுரையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பித்தது.

வீடு திரும்பிய பிறகு சாரும் டீச்சரும் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்கள். சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஆபரேஷன் அன்னைக்கு நாங்க எல்லாரும் இங்க இருந்தே ரெய்கி அனுப்புனோம். அதான் ரெண்டு விரலோட போச்சு" என்றார். என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கி, "உங்க புண்ணியம் சார்" என்று கும்பிட்டார். கும்பிட்டார்! ஆஸ்பத்திரியில் அவருக்குச் சட்டி வைத்து எடுத்தவள் பக்கத்தில் நிற்கிறேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், இம்புட்டு தூரம் வந்துட்டீங்க. அந்தக் கட்டு மேல கைய வச்சு, சூடு இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

சார் கட்டைப் பார்த்தார். ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்திருந்தது. அவர் கைகள் மடியை விட்டு அசையவில்லை.

"இப்ப வேண்டாம்மா" என்றார். "வெறுங்கையால தொட்டா இன்ஃபெக்ஷன் ஆயிரும்."

அடப் பாவி மனுஷா, அந்த வார்த்தை உனக்குத் தெரிந்திருக்கிறதே! அன்றைக்கு மாடியிலும் அது உனக்குத் தெரிந்துதானே இருந்திருக்கும்? வாய்வரை வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கும்பிட்ட கைகள் கீழே இறங்கியிருந்தன. அவர் சாரின் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் கட்டுப் போட்ட காலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "இந்தா புள்ள, நீ வச்சுப் பாரு" என்றார்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கட்டுக்கு மேலே கணுக்காலில் புறங்கையை வைத்தேன்.

"சூடு இல்ல" என்றேன்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"ஆமா" என்றேன். கையை எடுக்கவில்லை.