கோணல் ஜாடி

எனக்கு இடது கை முழங்கையோடு முடிந்துவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ சேர்ந்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "களிமண்ணு வேலைக்கு ரெண்டு கையும் வேணுமேடி." "பார்த்துக்கறேன்மா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மங்கலம்பேட்டையிலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் தோழிக்கு இரண்டு கையும் உண்டு, தைரியம்தான் கிடையாது. செய்முறைத் தேர்வு என்றால் பஸ்ஸிலேயே அழுகை தொடங்கிவிடும். அவளைத் தேற்றுவது என் வேலை.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் ஜாடி வார்க்கச் சொன்னார்கள். பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி, அது அச்சின் உள்பக்கம் சுவராகப் படிந்ததும் மீதியைக் கவிழ்த்து, விளிம்பைச் சீவி, பதம் பார்த்து அச்சைப் பிரிக்க வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் என் கையைப் பார்த்ததும் முகம் இளகிவிட்டார்.

"நீ செய்ய வேணாம்மா. கேள்விக்குப் பதில் சொல்லு, முழு மார்க்கு போட்டுடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேணாங்க சார். செஞ்சே வாங்கிக்கறேன்."

அச்சை சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கி, குட்டைக் கையால் வயிற்றோடு அணைத்துக் கவிழ்த்தேன். எத்தனையோ முறை செய்ததுதான். விளிம்பையும் சீவிவிட்டேன். பிரிக்கிற நேரம் வந்ததும் கை நின்றுவிட்டது.

பக்கத்து மேசையில் ஒருவன் அவசரப்பட்டுப் பிரித்ததில் ஜாடி கிழிந்துபோயிருந்தது. அவன் தலையைச் சொறிந்தான், அவ்வளவுதான். என்னுடையது கிழிந்தால்? 'பாவம், கை இல்லாத பொண்ணு' என்பார்கள். நாளைக்கு எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் நிற்கும்.

தோழி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, பிடிச்சு வெச்ச பிள்ளையாராட்டம் நிக்கற?"

"கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்குதுடி."

அழுமூஞ்சியான அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் கிழிக்காத ஜாடியா? அத்தனையும் ரெண்டு கையால கிழிச்சதுடி. பிரி!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பட்டையைக் கழற்றினேன். ஒரு பாதி அச்சு பொசுக்கென்று கழன்று வந்தது. மறு பாதியையும் நகர்த்தினேன். ஜாடி முழுசாக நின்றது! என்னை அறியாமல் கத்திவிட்டேன். தோழி அதைவிட உரக்கக் கத்தினாள்.

தேர்வாளர் விரைந்து வந்தார். இந்த முறை என் கையைப் பார்க்கவில்லை. ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விளிம்பு கோணலா சீவியிருக்க. கவனம் பத்தல. மார்க்கு குறைப்பேன்."

கவனம் பத்தலையாம்! பிறந்ததிலிருந்து நான் எதைத் தவறவிட்டாலும் பழி கைக்குத்தான் போகும். என் தப்பு முதல் முறையாக எனக்கே வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"தாராளமா குறைச்சிக்குங்க சார்!" என்றேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.