ஐந்து ரூபாய் அபராதம்

ஒரே ஒரு வரியைத் திருத்தாமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அதில் ஒரு குழந்தை போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் ஒரு சுகாதார ஆபீசில் நான் குமாஸ்தா, குடியிருப்பு நகரின் ஓரத்தில் தின்கன்ஜூனில். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு தோல் கிடங்கு. தோல் ஊறிய தொட்டித் தண்ணீர் முழுவதும் ஓடைக்குத்தான் போகும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப்படி அதற்கு மாதம் ஐந்து ரூபாய் (கியாட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அபராதம். முதலாளி ஜனவரியிலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டிவிடுவார். இன்னும் செய்யாத குற்றத்துக்கு நான் ரசீது எழுதிக் கொடுப்பேன்! எங்களில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

எங்கள் ஆபீசின் பர்மிய இன்ஸ்பெக்டர் ஊ தீனுக்கு மட்டும் உறுத்தியது. ஒரு மூட்டை அரிசி வாங்கிய பணம் இன்று ஒரு கோழிக்குக்கூடக் காணாது, அபராதம் மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது என்று கேட்டார். அபராதப் பட்டியல் முழுவதையும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, பர்மிய மொழியில் பென்சிலால் எழுதி, தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார். தோல் கிடங்குக்கு நாளொன்றுக்கு ஐம்பது.

இதை முதலாளியிடம் சொன்னவன் நான்தான். மாதா கோவிலில், ஞாயிறு பூசை முடிந்ததும். அவ்வளவு கட்டுவதற்குக் கழிவுக்குழியே வெட்டிவிடலாமே என்று சிரித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"உன் பிரஜா உரிமை மனுவுல சாட்சிக் கையெழுத்து நான்தானே போடணும் தம்பி?"

மீதியை அவர் சொல்ல வேண்டுமா? அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வேலை போகும், வீடு போகும், மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும்... பயந்து செத்தேன்.

மற்ற எல்லா வரிகளிலும் தொகையை உயர்த்தித் தட்டச்சு செய்தேன். அந்த ஒரு வரியில் பழைய ஐந்து ரூபாயையே வைத்தேன். ஊ தீன் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை! அடுத்த வாரமே அவருக்கு மாற்றல் வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஓடை பொங்கிக் கிணறுகளில் கலந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் மகள் ரோஸி நான்கே நாளில் வயிற்றுப்போக்கில் போனாள். ஐந்து வயது. தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். சவப்பெட்டியின் ஒரு முனையை நான் தூக்கினேன். எந்தக் கையால் என்று கேட்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா என் மேசைக்கு வந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சந்தில் ஊற்றியதற்கு அபராதம். புதிய பட்டியலின்படி இருபது ரூபாய். இடியாப்பம் விற்ற காசு. ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தோல் கெடங்குக்காரங்களுக்கும் இப்படி ஏத்திட்டீங்கதானே தம்பி?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

அவள் முகம் தெளிந்தது. பிள்ளை போன பிறகு அவள் முகத்தில் நான் கண்ட முதல் நிம்மதி அது.

"அது போதும் தம்பி" என்றாள்.

மறு வருடம் அவளும் கப்பலேறிவிட்டாள். எனக்குப் பிரஜா உரிமை கிடைத்தது. அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்... கேட்டு நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? அவள் இன்னும் எங்கோ ஓர் ஊரில் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாள்.