ஏழாகப் பிரித்த வட்டம்

கல்லூரியில் கோலப் போட்டியாம். மகள் லேப்டாப்பில் ஒரு வட்டத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, "எத்தனையாப் பிரிக்கம்மா?" என்றாள். என்னையறியாமல் "ஏழு" என்றேன். "ஏழா? கோலத்துக்கு எட்டுதான் அழகா இருக்கும்" என்று அவளே எட்டை அடித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வட்டம் எட்டாகிவிட்டது. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த ஏழு எனக்குச் சாதாரண எண் இல்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், கம்ப்யூட்டரில் இயந்திரப் படம் வரையக் கற்றுத்தரும் சென்டர் இருந்தது. அங்கேதான் எனக்கு முதல் வேலை. நானே முந்தின பேட்சில் படித்து முடித்தவள்தான். சூட்டோடு சூடாக என்னை 'மேடம்' ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர் லைன்ல இருக்கேன்" என்று அளந்துகொண்டு திரிந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தால், சூடேறிய மானிட்டர்களின் தூசி வாசனை அடிக்கும். மதியமானால் அதையும் அமுக்கிக்கொண்டு நெத்திலிக் கருவாட்டு வாசனை கிளம்பும்.

அது செல்வி அக்காவின் டிபன் பாக்ஸ். மீமிசல்காரர். அந்த பேட்சிலேயே மூத்தவர். சென்டர் நடத்திய சார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது ஏசி ரூம்மா" என்பார். "ஏசிக்கு மூக்கா இருக்கு சார்?" என்பார் அக்கா. எல்லோரும் சிரிப்போம்.

அக்காவின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டார். நடக்கப் பழகிய மகளை மீமிசலில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். திருச்சிப் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் படம் வரையும் வேலை கிடைக்க வேண்டும், ஒரு ரூம் எடுத்து மகளைக் கூட்டிவந்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "அண்ணி நல்லவுகதான் புள்ள. ஆனா பாப்பா அவுககிட்டயே ஒட்டிக்கிருச்சு. போன வாட்டி என்னயப் பாத்து அழுகுது. வெரசாக் கூட்டியாந்துரணும்" என்பார்.

குழாய்களை இணைக்கிற வட்ட இரும்புத் தகட்டைச் சுற்றி, சம இடைவெளியில் போல்ட் ஓட்டைகள் இருக்கும். அதை வரைவதுதான் எங்கள் பாடத்தில் பாதி. ஆறு, எட்டு என்றால் கையாலேயே பிரித்துவிடலாம். ஏழு என்றால் மிச்சம் விழும், காம்பஸ் திணறும். கம்ப்யூட்டரிலோ ஒரே கட்டளை. ஏழு என்று அடித்தால் வட்டத்தின் மேல் ஏழு பெருக்கல் குறிகள் வந்து உட்காரும். அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. போய்வந்த மறுநாள் மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை. என்னவென்று கேட்டேன்.

"வட்டத்த ஏழாப் பிரிக்கச் சொன்னாக. போட்டேன். ஒண்ணுமே விழுகல புள்ள. திருப்பிப் போட்டேன். வெறும் வட்டமாவே நிக்கிது. அடுத்து ஆளுக காத்துக்கிட்டு இருக்காக. வரலங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

என்னால் நம்ப முடியவில்லை. சார் அறையில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. "இங்கிட்டு வாங்கக்கா, இதுல போடுங்க" என்று அதில் உட்காரவைத்தேன். போட்டார். வெறும் வட்டம்தான் நின்றது. நான் போட்டேன், 'மேடம்' போட்டும் விழவில்லை. எரிச்சலில் வட்டத்தையே அழித்தேன். வட்டம் போன இடத்தில், கறுப்புத் திரையில், கடுகிலும் சின்னதாக ஏழு வெள்ளைப் புள்ளிகள் நின்றன.

விஷயம் இவ்வளவுதான். மென்பொருள் வைக்கிற புள்ளி இயல்பில் வெறும் பொட்டு. கோட்டின் மேல் விழுந்தால் கோட்டோடு கோடாக மறைந்துவிடும். எங்கள் பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும் எந்தப் புண்ணியவானோ அதைப் பெருக்கல் குறியாகத் தெரியும்படி மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஊரெல்லாம் அப்படித்தான் தெரியும் என்று நம்பியே நாங்கள் படித்தோம், பாஸானோம், சான்றிதழும் வாங்கினோம்.

அக்கா அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சரியாத்தான் போட்ருக்கேன்" என்றார். தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கம்பெனிக்கு போன் போட்டோம். "ஆள் எடுத்தாச்சும்மா" என்று வைத்துவிட்டார்கள். "வேற கம்பெனி பாப்போம்க்கா" என்றேன். "பாப்பம்" என்றார். அதன்பின் சென்டருக்கு வரவேயில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. சார் ஊரைவிட்டே போய்விட்டார். கூடப் படித்தவர்களில் யார் எங்கே என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்காவை மட்டும் போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி நன்றாக நரைத்திருந்தது. இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து அவர் பையைத் தூக்கிக்கொண்டு, "அத்தை, மீமிசல் பஸ் வந்துருச்சு, வாங்க" என்றாள்.

"அண்ணன் மகளாக்கா?"

"இல்ல புள்ள, எம் மகதான். அண்ணன் புள்ளைகளோடயே வளந்துச்சா, அதுக கூப்புடுறதப் பாத்து அப்புடியே பழகிருச்சு" என்றார் அக்கா. "சரி, வாரேன்" என்று பஸ்ஸை நோக்கி நடந்தார்.

ஒரே மகள். அவளும் அம்மா என்று கூப்பிடுவது வேறொருவரை.